தட்டும் இழுப்பும்

பதினொன்று நாற்பதுக்கு அது மறுபடியும் வந்தது. முதலில் இரண்டு தட்டு. ஒரு மூச்சு இழுத்து விடும் இடைவெளி. பிறகு ஒரு தட்டு. அதற்குப் பின் இரும்புக் குழாய்க்குள் எதுவும் இல்லை.

அனிதா மடிக்கணினியில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். "அஞ்சாவது நாள்ணா. ஒரு நிமிசம்கூட மாறல பாருங்க."

தண்ணீர் திறந்துவிடும் குணசேகரன் காதில் மாட்டியிருந்த கேட்கும் கருவியைக் கழற்றவில்லை. மில் தெரு வேப்பமரத்தடியில், தோண்டித் திறந்த வால்வு மூடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். ஆடிக் காற்று தெருமண்ணை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வாரிக்கொண்டு போனது. முன்கூட்டியே வரத் தொடங்கிவிட்ட காவடிக் கூட்டமொன்றின் பம்பைச் சத்தம் மலைப்பக்கமிருந்து விட்டுவிட்டுக் கேட்டது.

"அண்ணா?"

"ஆங்."

"லீக் சத்தம் இப்படி வராது. அது சொய்ங்னு ஒரே மாதிரி இருக்கும். இது யாரோ உக்காந்து தட்டுற மாதிரி இருக்கு."

"தட்றதுக்கு அந்தாண்ட யாரும் இல்லம்மா," என்றான். பிறகு கருவியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளைக்கூட எடுக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தான்.

ஊருக்குள் ஒழுகி மண்ணோடு போகும் தண்ணீரைக் கண்டுபிடிக்க நகராட்சியும், பக்கத்துப் பொறியியல் கல்லூரியும், சென்னையிலிருந்து ஒரு சிறிய கம்பெனியும் கூட்டுச் சேர்ந்திருந்தன. நகராட்சி தெருவைக் கொடுத்தது. கல்லூரி அனிதாவையும் அவளுடைய ஆறு மாணவர்களையும் கொடுத்தது. கம்பெனியிலிருந்து சுதாகர் என்பவர் தீப்பெட்டி அளவுக் கருவிகளைக் கொண்டுவந்தார். குழாயின் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு இரவு பகலாக அதன் சத்தத்தைக் கேட்டுப் பதிந்து அனுப்பும். தண்ணீர் திறந்துவிடுகிறவர்கள் அதற்குக் காது என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த மூவரிடமும் இல்லாத ஒன்று, குழாய் எங்கே ஓடுகிறது என்கிற கணக்கு. வரைபடம் எப்போதோ தொலைந்திருந்தது. தார் மேல் தாராகப் போட்டதில் மூடிகள் புதைந்து போயிருந்தன. எந்த மூடி எந்த வீட்டுப் படியிலிருந்து எத்தனை அடி என்பது குணசேகரனின் தலைக்குள் இருந்தது. முன்பு அது இரண்டு தலைகளுக்குள் இருந்தது.

இன்னொரு தலை தணிகைமணியுடையது. இரண்டு வருடத்துக்கு முன் ஆடிக் கிருத்திகையன்று அவன் குழிக்குள் இறந்துபோனான்.

அவன் மனைவி ஹேமாவதி களியை உருட்டி வைத்து முருங்கைக்கீரைக் குழம்பை ஊற்றினாள். அவள் பொதட்டூர்பேட்டைக்காரி. வீட்டுக்குள் தறி ஓடிய சத்தத்தில் வளர்ந்ததால் எதையும் உரக்கத்தான் பேசுவாள்.

"இன்னா பாவா, களியவே பாத்துகினு கீற. அதுல எதுனா எழுதி வெச்சிருக்குதா?"

அவன் கையை வைக்கவில்லை.

"அந்தப் பொண்ணு எதுனா சொல்லிச்சா? மூடி கெடைக்கலன்னு கோச்சிக்கிச்சா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்போ துன்னு. ஆறிப்போனா கல்லு மாதிரி ஆயிடும். அப்புறம் அதையும் வால்வு சாவி போட்டுத்தான் தொறக்கணும்."

அவன் சிரிக்கவில்லை. "ஹேமா, லைன் தட்டுது," என்றான்.

"எந்த லைனு?"

"மில் தெரு லைன். ரெண்டு. அப்புறம் ஒண்ணு."

ஹேமாவதியின் கை குழம்புக் கரண்டியோடு நின்றது. அந்தத் தட்டு என்னவென்று அவளுக்குத் தெரியும். தெருவில் இருந்த எல்லாருக்குமே தெரியும். பதினேழு வருடம் அவர்கள் இருவரும் அப்படித்தான் வேலை செய்தார்கள். குணசேகரன் மேல்நிலைத் தொட்டியடியில் நிற்பான். தணிகைமணி தெருக்கோடிக் குழிக்குள் இறங்குவான். வேலை முடிந்து மேலே ஏறியதும் நீண்ட வால்வு சாவியால் குழாயை இரண்டு தட்டு, நிறுத்தி, ஒரு தட்டுத் தட்டுவான். நான் வெளியே வந்துவிட்டேன், திற என்று அர்த்தம். குணசேகரன் சாவியின் முனையைக் குழாயில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பான். கேட்டதும் ஒரே ஒரு தட்டு. திறக்கிறேன் என்று அர்த்தம். கைபேசி வந்த பிறகும் அவர்கள் இதை விடவில்லை. கிருத்திகை நாட்களில் லட்சம் பேர் ஊருக்குள் வந்துவிடுவார்கள். கைபேசி சும்மா வெளிச்சம் காட்டும். இரும்பு மட்டும்தான் பேசும்.

அந்தக் கிருத்திகையன்று எல்லாத் தெருத் தண்ணீரையும் அடைத்து மலையடிவாரத்துக்குத் திருப்பியிருந்தார்கள். தெருக்கோடிக் குழியில் ஒரு இணைப்பின் ரப்பர் வளையம் பிய்ந்துவிட்டது. தணிகைமணி இறங்கினான். சாலை உயர உயர அந்தக் குழி பத்தடி ஆழமாகியிருந்தது. அவன் உள்ளே இருக்கும்போதே குணசேகரன் வால்வைத் திறந்தான். தண்ணீர் குழியை நிரப்பிவிட்டது.

தட்டுச் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன் என்று விசாரணையில் சொன்னான். எழுதிக்கொண்டார்கள். விபத்து என்று முடித்துவிட்டார்கள். தணிகைமணியின் மனைவி கெங்கம்மாள் மட்டும், "மேல வராம அவுரு தட்ட மாட்டாரு," என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அவள் குணசேகரனிடம் எதுவும் பேசவில்லை. இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். வாசலில் நகராட்சிக் குழாய் இருந்தும் அதில் ஒரு சொம்பு பிடித்ததில்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடிபம்புக்குக் குடத்தோடு போவாள். தினமும் காலையில் ஒரு நடை, முற்பகலில் ஒரு நடை. அந்தக் குடம் தன் வாசலைக் கடந்து போவதை ஹேமாவதி இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நீ கேட்டியா? உன் காதால?"

"கேட்டேன். அன்னிக்கி கேட்டது மாதிரியே."

ஹேமாவதி எழுந்து போய், காற்றில் அடித்துக்கொண்டிருந்த கதவைத் தாழிட்டாள். பட்டப்பகலில் அந்த வீட்டுக் கதவைத் தாழிடுவது வழக்கமில்லை.

மறுநாளைக்குள் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. காலையில் சுதாகர் வந்து பார்த்தபோது வால்வு மூடிமேல் குங்குமமும் இரண்டாக அறுத்த எலுமிச்சம்பழமும் இருந்தன. காதின் மேலும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

"யாருங்க இது? ஈரம் உள்ள போனா ரீடிங் போயிடும்," என்றார் சுதாகர்.

"தணிகைமணி தட்டுறாரு சார், உங்க காதுக்கு நல்லா கேக்கட்டும்," என்று பால் வாங்கிக்கொண்டு போன ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனும் திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டான்.

அனிதா மட்டும் அசரவில்லை. ஒவ்வொரு மூடியாகத் திறந்து காதுகளை மாற்றி மாற்றி ஒட்டி, தட்டு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனாள். அது தெருக்கோடியிலிருந்து வரவில்லை. எதிர்ப்பக்கம், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறையிலிருந்து வந்தது. பதினொன்றரைக்கு குணசேகரனையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள்.

மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. பதினொன்று நாற்பதுக்கு டைமர் அதை நிறுத்தியது. சட்டென்று எழுந்த அமைதியில், தடித்த குழாயின் வளைவிலிருந்து இரண்டு தட்டு. ஒரு இடைவெளி. ஒரு தட்டு.

"தடுப்பு வால்வுண்ணா. உள்ள கதவு மாதிரி ஒரு இரும்புத் தட்டு இருக்கு. மோட்டார் நின்னதும் மேல ஏறின தண்ணி திரும்பி வந்து அதை அறையுது. ரெண்டு வாட்டி குதிச்சு, கடைசியா ஒரு வாட்டி அறைஞ்சு அடங்குது. இரும்புல அந்தச் சத்தம் ஊர்க்கோடி வரைக்கும் போகும்." அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "மெதுவா மூடுற மாதிரி நாங்க ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கோம். பசங்களோட புராஜெக்ட். திருவிழா முடிஞ்சதும் மாட்டிட்டா இந்தத் தட்டு நின்னுடும்."

குணசேகரன் அந்த வளைவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வெயிலில் கிடந்த கல்லைப்போல் சுட்டது.

"இது எப்ப மாட்டுனதும்மா?"

"மோட்டார் மாத்தும்போது மாட்டியிருப்பாங்க. செவுத்துல எழுதியிருக்கு பாருங்க."

வெள்ளையடித்த சுவரில் சிவப்புப் பெயிண்டால் தேதி எழுதியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி. கிருத்திகைக்கு ஆறு நாள் முன்பு. திருவிழாவுக்காகப் புது மோட்டார் போட்டிருக்கிறார்கள். அந்த வாரத்தில்தான் குழாய் தட்டக் கற்றுக்கொண்டிருக்கிறது. கிருத்திகையன்று அவன் வால்வைத் திறந்ததும் பதினொன்று நாற்பதுக்குத்தான். கிருத்திகைக்குப் பிறகு அவன் சாவியில் காதை வைத்ததே இல்லை. புதிதாக வந்தவர்கள் கைபேசியில் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு வருடமாக அது தினமும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது, கேட்க ஆளில்லாமல்.

அவன் அதிக நேரம் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டு நின்றதால் அனிதா தானாக வெளியே போய்க் காத்திருந்தாள்.

சாயங்காலம் ஹேமாவதி அவன் சொல்வதைக் கடைசிவரை கேட்டாள். அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"அப்போ நல்லதுதான பாவா. தட்டு கேட்டுச்சுன்னு நீ சொன்னது பொய்யில்ல. மிஷினே சொல்லிடுச்சு. போயி கெங்காக்காகிட்ட சொல்லு. அந்தப் பொண்ணயும் இட்டுகினு போ."

"மிஷினு சொன்னது அது இல்ல. அவுரு தட்டலன்னு சொல்லுது."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டு ஒண்ணுன்னா ரெண்டு ஒண்ணுதான? குழா தட்டுனா இன்னா, அவுரு தட்டுனா இன்னா. யாருக்குப் பிரிச்சுத் தெரியும்?"

வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியது. மலைமேல் கோபுர விளக்குகளும் எரிந்தன. ஹேமாவதிக்கு இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து பழக்கமில்லை. ஆனாலும் இருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றான். "தட்டி முடிச்சதும் அவுரு சாவியக் குழா மேலயே வெச்சி ஒரு இழுப்பு இழுப்பாரு. கர்ர்ருன்னு. வெளையாட்டுக்குத்தான் ஆரம்பிச்சாரு. கையெழுத்துடா இதுன்னு சொல்லுவாரு. பதினேழு வருசத்துல ஒரு நாளும் இழுக்காம வுட்டதில்ல."

"அன்னிக்கி?"

"இல்ல."

ஹேமாவதி இரண்டு கைகளாலும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

"அடிவாரத்துல தண்ணி இல்லன்னு மைக்குல கத்திகினு இருந்தாங்க. ஆபீசருங்க வேற. அவசரத்துல வுட்டுட்டாருன்னு நெனச்சேன். நெனச்சேன்னு ரெண்டு வருசமா எனக்கே சொல்லிக்கினு வந்தேன்."

அடுத்த நாள் முற்பகலில் வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியிருந்தது. தட்டு மோட்டாரிலிருந்துதான் வருகிறது என்று அனிதா எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். பதினொன்று முப்பத்தைந்துக்கு இடுப்பில் வெறுங்குடத்தோடு கெங்கம்மாள் வந்தாள். அடிபம்புக்குப் போகும் வழி. கூட்டம் விலகியது. அவள் குடத்தை மரத்தடியில் வைத்தாள்.

"எனக்கும் குடும்மா. கேக்குறேன்."

அனிதா கருவியை அவள் காதுகளில் பொருத்தினாள். கெங்கம்மாள் நின்றபடியே கண்ணை மூடினாள். காற்றில் வேப்பிலைகள் அவள் தலைமேல் உதிர்ந்தன. குணசேகரன் நான்கடி தள்ளி நின்றான். தட்டு வந்ததை அவன் கேட்கவில்லை. அவள் தொண்டைக்குழி அசைந்ததைப் பார்த்தான். இரண்டு. பிறகு ஒன்று.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் எதற்கோ காத்திருந்தாள். அனிதா, "முடிஞ்சிடுச்சும்மா," என்றாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"இழுப்பு எங்க?"

அனிதாவுக்குப் புரியவில்லை. கெங்கம்மாள் திரும்பி, இரண்டு வருடத்தில் முதல்முறையாக குணசேகரனைப் பார்த்துப் பேசினாள். "வேல முடிஞ்சி வந்தா ஊட்டுக் கதவுலயும் அந்தச் சாவியால அப்பிடித்தான் தட்டுவாரு. ரெண்டு, ஒண்ணு, ஒரு இழுப்பு. கதவுல அந்தக் கீறலு இன்னும் கீது. அன்னிக்கி உனக்கு இழுப்பு கேட்டுச்சா?"

தலையாட்டிவிட்டுத் தப்பிக்கலாம். ஆமாம் என்றால் இனி யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசற்படியில் நின்ற ஹேமாவதி மட்டும் தரையைப் பார்த்தாள்.

"இல்லக்கா," என்றான்.

கெங்கம்மாள் கருவியை மெல்லக் கழற்றினாள். அழவில்லை.

"இல்லாமலே தொறந்துட்ட."

"ஆமாக்கா."

"தொறக்கறதுக்கு முன்ன பதில் தட்டுனியா?"

இந்தக் கேள்வியை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இந்த ஒன்றை அவன் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"தட்டுனேன்."

"அப்போ அவருக்குக் கேட்டிருக்கும்," என்றாள் கெங்கம்மாள்.

தான் தட்டாத தட்டுக்கு இரும்பில் ஒரு பதில் வருவதைப் பத்தடி ஆழத்தில் ஒருவன் கேட்டுக்கொண்டு நின்றதை அந்தத் தெரு முழுக்க ஒருசேர நினைத்துப் பார்த்தது. சுதாகர்கூடக் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார்.

கெங்கம்மாள்தான் முதலில் குனிந்து குடத்தை எடுத்தாள். "அந்தக் குழில இன்னும் வேல கீதாமே?"

சுதாகர் தயங்கினார். "நாளன்னைக்கு ஒரு காது மாட்டணும்மா. அங்கதான் பெரிய ஒழுகல். எங்க ராஜேஷ் எறங்குவார். பெல்ட்டு, குழிக்குள்ள காத்து விடற ஃபேன் எல்லாம் இருக்கு."

"தொட்டில யாரு?"

"நான்தான்க்கா," என்றான் குணசேகரன்.

"அவுரு சாவிய எங்கிட்ட குடு. குழிகிட்ட நான் நிக்கிறேன். அந்தப் புள்ள மேல வந்தத என் கண்ணால பாத்துட்டு நான்தான் தட்டுவேன்."

கிருத்திகைக்கு முந்தைய நாள். மஞ்சள் துணியும் பூக்காவடியுமாகச் சாலை நிறைந்து மலையை நோக்கி நகர்ந்தது. அரோகரா சத்தம் அலையலையாக வந்தது. கைபேசிகள் ஒன்பது மணிக்கே செத்துவிட்டன. தொட்டியடியில் குணசேகரன் வால்வை இறுக அடைத்து, சாவியைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தான். பக்கத்தில் உதவிப் பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடிவாரத்தில் தற்காலிகக் குழாய்கள் காய்ந்துவிட்டன என்று ஆள் மாற்றி ஆள் வந்து சொன்னார்கள்.

பதினொன்று நாற்பது. இரண்டு. ஒன்று.

"வந்துடுச்சாய்யா?"

"இது மோட்டார் சார்."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் வந்தது. இரண்டு. ஒன்று. இது மோட்டார் இல்லை. கனமில்லாத தட்டு, ஒரு பெண்ணின் கை. அவன் காத்திருந்தான். அதற்குப் பின் ஒன்றுமில்லை.

"இப்பவும் தட்டுது போலக்கீதே. உன் மூஞ்சியே சொல்லுது. தொற."

"இன்னும் முடியல சார்."

"என்னய்யா முடியல? ஜனம் தண்ணிக்குப் பறக்குது."

மூன்றாவது முறையும் இரண்டு, ஒன்று. நான்காவது முறை தட்டுகளில் கோபம் தெரிந்தது. வியர்வை அவன் காதுக்கும் இரும்புக்கும் நடுவில் வழிந்தது. இரண்டு கைகளும் வால்வின் மேல் இருந்தன. அவை திரும்பவில்லை. இனி எப்போதுமே திரும்பாதோ என்று நினைத்தான். பொறியாளர் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். அரோகரா சத்தம் எழுந்து அடங்கியது. அந்த அடங்கலில் குழாய்க்குள் ஒன்றுமே இல்லாத ஓர் ஆழம் திறந்துகொண்டது.

அதற்குள்ளிருந்து, மெதுவாக, நீளமாக, இரும்பின் மேல் இரும்பு இழுபட்டு வந்தது. கர்ர்ர்.

சாவியை எடுத்தான். பதில் தட்ட வேண்டும். தட்டாமல் திறக்கக் கூடாது. பிறகு ஒரே ஒரு தட்டுத் தட்டினான். இருபத்திரண்டு சுற்று. வால்வு திறந்தது. குழாய் அவன் காலடியில் நிறைந்து அதிர்ந்தது.

காவடிக் கூட்டத்துக்கு எதிராக நடந்து தெருக்கோடிக்கு வந்து சேர்ந்தபோது ராஜேஷ் மரநிழலில் மோர் குடித்துக்கொண்டிருந்தான். கெங்கம்மாள் குழி விளிம்பில் சாவியை மடியில் வைத்து, பக்கத்தில் வெறுங்குடத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"நாலு வாட்டி தட்டுனேன்," என்றாள். "அந்தப் புள்ள மேல வந்து அரமணி ஆவுது. நீ ஏன் தொறக்கல?"

"இழுப்பு வரலயேக்கா. வந்தப்புறம்தான் தொறந்தேன்."

கெங்கம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். விளையாட்டா பொய்யா என்று தேடுவதுபோல.

"நான் இழுக்கல குணா," என்றாள். "தட்டுனேன், அவ்ளோதான். அது அவுரோடது. அத நான் எப்பிடி இழுப்பேன்?"

மோர்ச் சொம்பு ராஜேஷின் வாயருகே நின்றுவிட்டது. அனிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். "குழிக்குள்ள வெச்ச காது ஓடிக்கிட்டுதான் இருந்தது. எல்லாம் பதிஞ்சிருக்கும். ஒரு நிமிசம், பாத்துடலாம்."

கெங்கம்மாள் கையை நீட்டி மடிக்கணினியின் மூடியை அழுத்தி மூடினாள். அதட்டலாக இல்லை, தூங்கும் குழந்தையின் மேல் துணியை இழுத்து விடுவதுபோல.

"வேணாம்மா," என்றாள்.

அவள் எழுந்து வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். அடிபம்புக்குப் போகும் பக்கம் இல்லை. பத்தடியில் இருந்த தெருக்குழாயடியில் குடத்தை வைத்துத் திருகினாள். முதலில் காற்றுச் சீறியது. பிறகு, வெகுநேரம் அடைத்துக் கிடந்த குழாயின் துருவோடு தண்ணீர் சிவப்பாக விழுந்தது. எல்லாரும் முதல் குடத்தைக் கீழே ஊற்றிவிடுவார்கள். அவள் ஊற்றவில்லை. தெளியும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.